தன் சாவுச் செய்தியைக் கேட்ட மன்னர்

கொன்றைமங்கலத்தில் நாலு தெரு, நாலு முரசுக்காரர்கள். அரண்மனைச் செய்தி முதலில் கிழக்குத் தெருக்காரருக்கு வரும். அவர் அறிவித்ததைக் கேட்டுத் தெற்குத் தெருக்காரர் முரசடிப்பார். அவருக்குப் பிறகு மேற்கு, கடைசியில் வடக்குத் தெரு மாசிலாமணி. கேட்டதைக் கேட்டபடி சொன்னால் கூட்டம் கூடுமா? ஆளுக்கு ஒரு பிடி மசாலா தூவித்தான் அடுத்த தெருவுக்கு அனுப்புவார்கள். வடக்குத் தெரு போய்ச் சேரும்போது செய்திக்குக் கொம்பும் வாலும் முளைத்திருக்கும். இது ஏதோ நம் ஊர்ச் சங்கதி மாதிரி இருக்கிறதே என்று என்னைக் கேட்காதீர்கள். கதை சொல்ல வந்தவனுக்கு வம்பு எதற்கு!

ஒரு வெள்ளிக்கிழமை, மன்னர் சேந்தவர்மர் அதிரசம் தின்றார். அவசரமாகத் தின்றார். விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தார், நின்றுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

கிழக்குத் தெருவில், "மன்னருக்கு விக்கல்!" தெற்கில், "மன்னருக்கு மூச்சுத் திணறல்!" மேற்கில், "அதிரசத்தில் என்ன கலந்திருந்தது?" வடக்கில் மாசிலாமணி முரசு கிழியக் கிழிய அடித்தார்: "அதிரவைக்கும் செய்தி! அதிரசத்தில் விஷம்! சமையல்காரர் சடையப்பர் எதிரி நாட்டு ஒற்றரா? மக்கள் கேட்கிறார்கள்!"

மக்கள் ஒன்றும் கேட்கவில்லை. மாசிலாமணி கேட்டதும்தான் அவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அரண்மனை வாசலில் கூட்டம் கத்தியது: "சடையப்பரை நாடு கடத்து!"

இதில் கொடுமை என்ன தெரியுமா? மன்னரே நம்பிவிட்டார்!

"அடப்பாவி! எனக்கு விஷம் வைத்தாயா? நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டிவிடு" என்றார்.

சடையப்பர் ஓவென்று அழுதார். "மன்னா, அதே தட்டிலிருந்து என் மகளும் தின்றாளே! குடும்பத்தோடு நான் எங்கே போவேன்?"

பக்கத்தில் நின்ற அமைச்சர் மங்கைபாகர் குறுக்கிட்டார். "மன்னா, தின்றது நீங்கள். விக்கியது உங்களுக்கு. நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் என்றுதான் நினைத்தேன், மங்கைபாகரே. ஆனால் ஊரே சொல்கிறதே! நான் ஒரு ஆள். ஊர் முழுக்கச் சொல்வது பொய்யாகுமா?"

மங்கைபாகர் "உத்தரவு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மன்னர் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். எண்ணெய்க் குளியலன்று பகலில் தூங்கக் கூடாது என்று வைத்தியர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். மிளகு ரசச் சோறு உள்ளே போனதும் மன்னர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மங்கைபாகர் நேரே கிழக்குத் தெருவுக்குப் போனார். "மன்னர் தூங்குகிறார். யாரும் சத்தம் போட வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தெற்குத் தெருவில், "மன்னர் எழுப்பியும் எழவில்லை!" மேற்கில், "வைத்தியர் கைவிரித்தார்!" வடக்கில் என்ன சொன்னார்கள் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

மன்னர் கண் விழித்தபோது வாசலில் ஒப்பாரி. பதறியடித்துக்கொண்டு சபைக்கு ஓடினார். சபை நிறைய மாலைகள். மைத்துனர் கம்பீரன் மூக்கைச் சிந்திக்கொண்டே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் முரசோடு மாசிலாமணி. ஓரத்தில் மூட்டை முடிச்சோடு சடையப்பர்.

"என்னய்யா இது கூத்து? நான் உயிரோடுதான் இருக்கிறேன்!" என்று மன்னர் கத்தினார்.

"அது உங்கள் கருத்து, மன்னா" என்றார் மங்கைபாகர் பவ்யமாக. "நீங்கள் ஒரு ஆள். ஊரே வேறு மாதிரி சொல்கிறது. வேண்டுமானால் ஒரு விவாதம் வைத்துவிடலாம்."

விவாதம் என்றதும் மாசிலாமணிக்கு முகமெல்லாம் பல். "மன்னர் மறைந்தாரா, மறைக்கப்பட்டாரா?" என்று முழங்கி, சோதிடர் ஒருவரையும், சும்மா வேடிக்கை பார்க்க வந்த எண்ணெய் வியாபாரி ஒருவரையும் உட்கார வைத்தார்.

"ஐயா, நான்தான்..." என்று ஆரம்பித்தார் மன்னர்.

"இருங்கள், இருங்கள், உங்களுக்கும் நேரம் தருகிறேன். சோதிடரே, சொல்லுங்கள்!"

"போன மாதமே கணித்துவிட்டேன்" என்றார் சோதிடர்.

"அடேய், என்னைப் பார்த்துச் சொல்லடா!"

"குறுக்கே பேசாதீர்கள், மன்னா! நீங்கள் சம்பந்தப்பட்டவர். நடுநிலையாகப் பேச உங்களால் முடியாது" என்று அதட்டினார் மாசிலாமணி.

எண்ணெய் வியாபாரி மன்னரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆள் நடமாடுகிற மாதிரிதான் தெரிகிறது. எதற்கும் விசாரித்துச் சொல்கிறேன்."

மன்னர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மங்கைபாகரே, நீராவது சொல்லும்! ஊர் சொல்வது பச்சைப் பொய்!"

"பொய்தானா? நிச்சயமாகவா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், மன்னா. ஊர் சொல்வது பொய் என்றால் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், சடையப்பரும் நிரபராதி. ஊர் சொல்வது மெய் என்றால் சடையப்பர் குற்றவாளிதான். ஆனால் அவரை நாடு கடத்த உத்தரவு போட்ட மன்னர்தான் இப்போது இல்லை; உத்தரவும் அவரோடு போயிற்று. எப்படிப் பார்த்தாலும் அந்த மனுஷன் வீட்டுக்குப் போகலாமா?"

மன்னருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிறகு சபையே குலுங்கச் சிரித்தார். சடையப்பரைக் கட்டிக்கொண்டு, "தப்பு என்னுடையது அப்பா, அடுப்படிக்குப் போ" என்றார். சடையப்பர் மறுபடியும் அழுதார், இந்தத் தடவை சந்தோஷத்தில். மாசிலாமணி மெல்ல முரசைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தார். "நில்லும்! மன்னர் உயிரோடு இருக்கிறார் என்று நாலு தெருவிலும் நீரே நடந்து போய்ச் சொல்லும்" என்று அனுப்பிவைத்தார் மன்னர்.

"மங்கைபாகரே, என் கண்ணைத் திறந்தீர். என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"பரிசு ஓடியா போகிறது, மன்னா? முதலில் மைத்துனரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்குங்கள். உட்கார்ந்த சூட்டோடு சூடாக ஒருவருக்கு அமைச்சர் பதவி கொடுத்துவிட்டார். அது என் பதவி!"