இன்னாசி அண்ணன் கடற்கரையில் எழுப்பிய சுத்தமான சத்தம்

தூத்துக்குடியில் எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு பேஸ் கிதார் இன்னாசி அண்ணன். நான் சாகுல், ட்ரம்ஸ். அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பு. மதியம் மூணு மணிக்கு மண்டபத்தில் சவுண்டு சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தடித்த கம்பியைத் தொட்டால் மேடைப் பலகையே குமுறியது. மெல்லிய கம்பியைத் தொட்டால் ஒன்றுமே கேட்கவில்லை.

பாடகி வசுந்தரா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். போன கச்சேரியில் அந்தக் குமுறலில் சுருதி பிடிபடாமல் சரணத்தில் தடுமாறிவிட்டாள், முன்வரிசையில் சிரித்துவிட்டார்கள். இன்றைக்கும் அப்படி ஆனால் இனிமேல் மேடையே ஏறப்போவதில்லை என்று வேனில் வரும்போது என்னிடம் சொன்னாள்.

சவுண்டு பார்க்கும் பூங்கொடிதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, கிதார் ஆம்ப்ளிஃபயர்ல பேஸைக் கொஞ்சம் குறைங்களேன்."

"குறைக்கவா?" அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏ பிள்ள, எனக்கே பேஸ் சொல்லித்தாறியா? உவரிப் பக்கம் ஒரு திருவிழாவுல நான் எழுப்புன சத்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுண்ணே. சொல்லுங்க."

"மேடையைக் கடலுக்குப் பத்தடி தள்ளிப் போட்டுட்டானுவ. மொத அடி அடிச்சேன். கீழ இருந்த நண்டெல்லாம் வளையைக் காலி பண்ணிட்டு பக்கத்து ஊருக்குக் குடிபோயிட்டு. ஒரு கம்பிய அடிச்சா கோயில் மணி தானா அடிக்கு. இன்னொரு கம்பிய அடிச்சா எனக்கே கேக்கல. பலகைதான் கூடச் சேந்து குமுறுதுன்னு கண்டுபிடிச்சேன். ஆம்பைத் தூக்கி ரெண்டு உப்பு மூட்டை மேல வச்சேன். பலகை ஊமையாயிட்டு."

பூங்கொடி எழுந்து சமையல்கட்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது சமையல்காரர் இரண்டு பேர் ஆளுக்கொரு அரிசி மூட்டையோடு பின்னால் வந்தார்கள். மூட்டைகளை மேடையில் கிடத்தி, ஆம்பை அதன் மேல் ஏற்றினார்கள். அண்ணன் கண்டுகொள்ளவில்லை. பேச்சு சூடுபிடித்துவிட்டது.

"பொறவு பேஸ் திருகைப் பாதிக்குக் கீழ இறக்குனேன். நடுச் சத்தத்துக்கான மிட் திருகைக் கொஞ்சம் ஏத்துனேன். ஒவ்வொரு சுரமும் குளிச்சுத் தலை துவட்டிட்டு வந்த மாதிரி தனித்தனியா வருது! ஒரு கொத்தனார் நம்பாம ரசமட்டத்தை எடுத்து சத்தத்து மேல வச்சுப் பாத்தான். குமிழி நட்டநடுவுல நின்னுட்டு."

"சத்தத்து மேல எப்படிண்ணே வைக்கது?" என்றேன்.

"அவன் வச்சாம்ல. அவன்ட்ட கேளு. அதுக்குள்ள சீலா மீனெல்லாம் கரைக்கு வந்து நாலு நாலா நின்னு வாலாட்டுது. ஒண்ணு மட்டும் தாளம் தப்புச்சு. மத்த மீனெல்லாம் சேந்து அதைத் திரும்பக் கடலுக்குள்ள தள்ளிட்டு." என்னை ஒரு பார்வை பார்த்தார். "ட்ரம்ஸ் வாசிக்கிற மீனு போல."

பூங்கொடி குனிந்து ஆம்பின் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"கலங்கரை விளக்கம் என் அடிக்குச் சுத்த ஆரம்பிச்சுட்டு. தூரத்துல போன கப்பலுக்கு வழி தப்பிட்டு. கப்பல் கேப்டன் வயர்லெஸ்ல கெஞ்சுதான், 'அந்த அண்ணனை மெதுவான பாட்டுக்குப் போகச் சொல்லுங்க'ன்னு."

"தமிழ்லயாண்ணா கெஞ்சினார்?" வசுந்தராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிரேக்க மொழிம்மா. சத்தம் அவ்வளவு தெளிவா இருந்ததுல எனக்குக் கிரேக்கமும் புரிஞ்சுட்டு. கடைசியா ஒரு சுரத்தை இழுத்து விட்டேன் பாரு, ஏத்தமில்ல இறக்கமில்ல, நேரா இலங்கைக்குப் போச்சு. அது திரும்பி வாறதுக்குள்ள நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டேன்."

"ஆம்ப் ரெடிண்ணே," என்றாள் பூங்கொடி. "நீங்க அங்க வச்ச மாதிரியே வச்சிருக்கேன்."

அண்ணன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "அது... அங்க உப்புக் காத்து. மண்டபத்துக்கு ஒத்துவராது."

"அப்ப அங்க நடந்ததெல்லாம் பொய்யாண்ணே?"

வேறு வழியில்லை. கிதாரை மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டார். நாலும் ஒரே அளவில், உருண்டையாக, கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தன. சமையல்காரர்கள்கூட வாசலில் நின்று கேட்டார்கள். அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாடும்மா!" என்றார்.

அண்ணன் கூடவே வாசிக்க, வசுந்தரா பல்லவி பாடினாள், அனுபல்லவி பாடினாள். சரணத்தில் போன தடவை தடுமாறிய இடமும் வந்தது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, சத்தம் சரியில்லையா?" என்றார் அண்ணன்.

"ரொம்பத் தெளிவா இருக்குண்ணா," என்றாள் அவள் மெதுவாக. "சரணத்துல மூணு இடத்துல நீங்க வேற சுரம் வாசிக்கிறீங்க. இத்தனை நாளா நான்தான் தப்பாப் பாடுறேன்னு நெனச்சுட்டிருந்தேன்."