கறையான் ஓலை தின்னத் தொடங்கிய கதை

பூச்சியும் விலங்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய காலம் அது. அப்போது கறையான்கள் சருகையும் காய்ந்த புல்லையும் மட்டுமே தின்றன. செங்கரடு என்னும் மலையில், மாரக்காளின் தினைக்கொல்லை ஓரத்தில், அவற்றின் புற்று ஆளுயரத்துக்கு நின்றது.

ஒருநாள் அரசனின் ஆலோசகன் விருபண்ணன் அந்த வழியாக வந்தான். புற்று மண்ணில் ஏதோ மின்னுவதைக் கண்டு குதிரையை நிறுத்தினான்.

"இது என்ன?" என்று தாய்க் கறையானைக் கேட்டான்.

"அடியில் மஞ்சளாக ஒரு கல் ஓடுகிறது, ஐயா. ஈரம் தேடிக் கீழே போனால் அதன் பொடி எங்கள்மேல் ஒட்டிக்கொண்டு வரும்," என்றது அது, சூது தெரியாமல்.

விருபண்ணன் அரசனுக்கு ஓலை எழுதினான். 'நாட்டின் செல்வம் மண்ணுக்கடியில் சும்மா கிடக்கிறது. தினை விதைத்து எந்த நாடும் பெரிய நாடானதில்லை. மலையைத் தோண்டினால் எல்லோரும் வாழ்வார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் குழியில் இறங்க வேண்டும்.' அரசன் அந்த மலையை ஒருமுறைகூடப் பார்த்தவனில்லை. ஆனாலும் அரக்கு முத்திரை வைத்தான்.

மாரக்காளின் கணவன் கொண்டன் குழியில் இறங்கினான். தோண்டிக் கொட்டிய மண்ணில் கொல்லைகள் மூடிப்போயின. மூன்றாம் மாதம் குழிக்குள் ஊற்று உடைத்துக்கொண்டது. கொண்டனும் இன்னும் ஆறு பேரும் மேலே வரவில்லை.

மறுநாள் விருபண்ணன் அதே ஓலையை விரித்து வாசித்தான். "கொண்டன் வீட்டில் அடுத்த ஆள் யார்?"

"அவர் உடம்பையே இன்னும் எடுக்கவில்லை," என்றாள் மாரக்காள். "எல்லோரும் வாழ்வார்கள் என்று வாசித்தீர்களே. அந்த எல்லோரில் நாங்கள் இல்லையா?"

"நாட்டுக்கு நன்மை என்றால் நாலு பேருக்கு வலிக்கத்தான் செய்யும். ஓலை இருக்கும்வரை ஆணை இருக்கும். சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் குழியில் இறங்கு."

புற்றின் வாயிலிருந்து தாய்க் கறையான் இதைக் கேட்டது. அதற்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் சொன்ன ஒரு சொல்லைக் கொண்டுபோய் இவன் இப்படி எழுதியிருக்கிறான்," என்றது தன் கூட்டத்திடம். "இவன் எழுதியதை விட்டுவைக்கக் கூடாது."

ஓலைக்கட்டு, விருபண்ணன் குழியருகே அடித்திருந்த கூடாரத்தின் முன்னால் பலகைமேல் இருந்தது. கறையான்கள் மண்ணுக்குள்ளேயே போய்ப் பலகைக் காலில் ஏறின. மையும் மஞ்சளும் பூசிய ஓலை கசந்தது. துப்பாமல் தின்றன.

விருபண்ணன் வந்து கட்டைத் தூக்கினான். முத்திரை மட்டும் கையில் வந்தது. மீதியெல்லாம் புழுதியாகக் கொட்டியது.

"வாசியுங்கள், கேட்கிறோம்," என்றாள் மாரக்காள். அவள் குழியோரத்தில் உட்கார்ந்தாள். ஊரே அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தது.

இன்னொரு ஓலை வந்தது. அதையும் தின்றன. ஒன்பது ஓலை போனபின் அரசன் சலித்து ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டான். கொண்டன் குழிக்குள்ளேயே கிடந்தான்.

கறையான் அதன்பின் மனிதனோடு பேசவில்லை. பேசினால் அதையும் எழுதிக்கொள்வான். எழுதிய எதைக் கண்டாலும் அரித்துவிடும் வழக்கம் அதற்கு அன்று பிடித்ததுதான். நல்ல ஏடு, பொல்லாத ஏடு என்று அது பார்ப்பதில்லை. அதற்கு வாசிக்கத் தெரியாது.