விரிசலுக்குக் குறுக்கே ஒரு நோட்டீஸ்

நகரத்தின் நட்டநடுவே நூற்றைம்பது வயதான நூலகக் கட்டடம் ஒன்று நின்றது. அதைக் கூட்டிப் பெருக்கி வந்தவள் அஞ்சலாட்சி. இடிக்கும் இயந்திரம் வாசலில் உறுமிக்கொண்டிருந்த ஒரு காலையில், மாநகராட்சி ஆணையர் இடிப்பு உத்தரவுத் தாளும் பேனாவுமாக உள்ளே நுழைந்தார்.

தலைமைப் பொறியாளர் வேதமூர்த்தி, தரையிலிருந்து கூரைவரை ஓடிய விரிசலைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார். "மாசத்துக்கு மாசம் அகலமாகுது சார். எந்த நேரமும் விழும்."

"அது கொஞ்சமும் அகலமாகலைங்க ஐயா," என்றாள் அஞ்சலாட்சி.

பொறியாளர் சிரித்தார். "விளக்குமாறு பிடிக்கிறவளுக்கு விரிசலைப் பத்தி என்னம்மா தெரியும்? சரி, சார் கையெழுத்துப் போடுறதுக்குள்ள நிரூபி. முடியலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"போன வருஷம் 'ஆபத்தான கட்டடம்'னு ஒரு நோட்டீஸைக் கொடுத்து, எங்கேயாவது ஒட்டித் தொலைன்னு சொன்னீங்களே ஐயா?" என்று பொறியாளரிடம் கேட்டாள் அஞ்சலாட்சி.

"அதுக்கென்ன இப்போ?"

"விரிசல் வளருதான்னு பார்க்கக் கொத்தனாருங்க அதுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டி வைப்பாங்க. வளர்ந்தா காகிதம் கிழிஞ்சிடும். கொஞ்சம் அண்ணாந்து பாருங்க."

எல்லோரும் அண்ணாந்தார்கள். கூரையோரத்தில், விரிசலின் இரு கரைகளையும் பிடித்தபடி அந்த நோட்டீஸ் ஒரு கிழிசலும் இல்லாமல் இருந்தது.

பொறியாளர் கைத்தடியை இறக்கினார். "அது... நேத்து ஒட்டினதா இருக்கும்."

"ஒட்டின அன்னைக்கே ஏணியில ஏறி, நோட்டீஸும் சுவரும் சேர்ற ஓரத்துல தேதி எழுதி, நீங்களே கையெழுத்தும் போட்டீங்களே ஐயா," என்றாள் அவள். "படிச்சுப் பார்க்க ஏணி கொண்டு வரட்டுமா?"

ஆணையர் பேனாவை மூடினார். வாசலில் உறுமல் நின்றது.