டைமருக்கு ஒரு பதில்

பிறந்த குழந்தைகளுக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் கருவி அது. உள்ளிருக்கும் டைமர் ஒரு தடவை தட்டியது, ஒரு சொட்டு விழுந்தது, அதோடு சரி.

அந்தத் தட்டலை வாங்கும் கணினி நிரலை, அவர்கள் பேச்சில் 'கோடு', நிறுவன இயக்குநர் சேஷகிரி தானே எழுதியிருந்தார். "என் கோடுல நீ கைவைக்கக் கூடாது. ஆனா நாளைக்குள்ள ஓடணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல" என்றார், ஒப்பந்த வேலைக்கு வந்த ஜெபமலரிடம்.

மறுநாள் எல்லார் முன்னாலும், "முடிஞ்சுதா?" என்றார்.

ஜெபமலர் வாய் திறக்கவில்லை.

"காதுல விழுந்துதா இல்லையா? நீ பதில் சொன்னாத்தானே நான் அடுத்ததைக் கேக்க முடியும்!"

"டைமரும் அதுக்குத்தான் சார் காத்துக்கிட்டு இருக்கு. அது தட்டினதும் 'வந்துடுச்சு'ன்னு உங்க கோடு பதில் சொல்லணும். சொல்லவே இல்ல."

சேஷகிரி நாற்காலியை இழுத்துப்போட்டு, விட்டுப்போன ஒரு வரியை எழுதினார். சொட்டு விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

ஜெபமலர் கைவைக்கவே இல்லை.