அப்பா பெயரில் உள்ள கட்டுரைகள்

"என்னோட கட்டுரைல பாதி எங்கப்பா பேர்ல இருக்கு, மேடம்."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் இளவழுதி உள்ளே வந்தார். மூளை நரம்புகளை ஆராய்பவர். ஓர் ஆய்வு நிலையத்தில் துறைத்தலைவர். தலை நரைத்துவிட்டது.

லூர்தம்மாள் அவருடைய முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர். அவரைவிட ஏழு வயதுதான் மூத்தவர். தன் ஆய்வகத்தில் எலிக் கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க வழுதி. அப்பா எப்ப இதெல்லாம் படிச்சாரு?"

அப்பா சேந்தன், லாரிப் பட்டறையில் வெல்டர். நரம்பு என்றால் அவருக்குச் சுளுக்குதான்.

இளவழுதி விளக்கினார். வெளிநாட்டு ஆய்விதழ்கள் குடும்பப் பெயர் கேட்டன. அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'சே.' என்ற தலைப்பெழுத்து மட்டும் உண்டு. கட்டத்தை வெறுமையாக விட்டால் கணினி ஏற்கவில்லை. சில தடவை அங்கே சேந்தன் என்று போட்டார். சில தடவை இளவழுதி என்றே போட்டார்.

ஒருவர் இரண்டு பேராகிவிட்டார். இளவழுதி பெயரில் எண்பத்தெட்டுக் கட்டுரைகள். சேந்தன் பெயரில் தொண்ணூற்றொன்று. நானூற்றுப் பதினொரு பேர் மேற்கோள் காட்டிய பெரிய கட்டுரை, அதுவும் அப்பாவிடம்தான்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் தேர்வு. இரண்டு கணக்கையும் சேர்த்தால்தான் போட்டியில் இடம். கட்டுரைகளைக் கணக்கு வைக்கும் இணையதளத்துக்கு எழுதிக் கேட்டதில் சேர்த்துவிட்டார்கள். எல்லாம் இவருடையவைதான் என்று பழைய வழிகாட்டி ஒரு சான்றில் கையெழுத்திட வேண்டும். அதை மேசையில் வைத்தார்.

"எல்லாமே உங்களோடதுதானா?"

மலேசியாவில் இன்னொரு சேந்தன் இருக்கிறாராம். அவரும் எலி மூளைதான். ஒன்றிரண்டு கலந்திருக்கலாம், பெரிதாக ஒன்றுமில்லை என்றார் இளவழுதி.

லூர்தம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சேர்த்த கணக்கிலிருந்து பத்துக் கட்டுரைகளை அச்செடுத்தார். புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளை டேப்பைக் கொண்டு தலைப்பையும் பெயர்களையும் ஆண்டையும் மறைத்தார். முன்னுரைப் பக்கத்தை உருவிக்கொண்டு மற்றதை மேசையில் வைத்தார்.

"உங்களோடதை மட்டும் பிரிச்சுக் கொடுங்க. போட்டுடறேன்."

"பரீட்சையா மேடம்?"

"ஆமா. பக்கத்துல எட்டிப் பார்க்கக் கூடாது."

முதல் கட்டுரையை எடுத்ததுமே இளவழுதி சிரித்தார். நரம்பணுவின் படத்தில், வலது மூலையில், முடி போல ஒரு கோடு.

"நம்ம பழைய மைக்ரோஸ்கோப் கீறல்."

லூர்தம்மாளும் குனிந்து பார்த்தார். அந்தப் படத்தை எடுத்தவர் இளவழுதி. அன்றைக்கு மின்சாரம் எப்போது போனது என்பதுகூட இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

இரண்டாவதைப் புரட்டினார். மூன்றாவதைப் புரட்டினார். மறுபடி இரண்டாவதை எடுத்தார்.

எல்லாவற்றிலும் அதே எலி, அதே பெட்டி, அதே வரைபடம். எல்லாமே மேலும் ஆய்வு தேவை என்று முடிந்தன.

தேநீர் வந்தது. ஆறியது. சில இடது பக்கம் போயின, சில வலது பக்கம். இடம் மாறி மாறியும் போயின.

கடைசிக் கட்டுரையை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படித்தார். இந்த ஒன்றைத்தான் வரி விடாமல் படித்தார்.

"இது அந்த மலேசியாக்காரரோடது."

"எப்படிச் சொல்றீங்க?"

"மருந்து ஏத்தின எலிக்கு ஞாபகம் கூடிச்சுங்கறாங்க. சரி, வெறும் உப்புத்தண்ணி ஏத்தின எலி எங்க? ஊசி குத்தினதாலயே கூடியிருக்கலாமே. அடிப்படையே இல்ல. நம்ம லேப்ல இப்படி அனுப்ப விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

லூர்தம்மாள் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். தாள் கிழியாமல் மெதுவாக உரித்தார்.

சேந்தன் என்று இருந்தது. கீழே இளவழுதியின் ஆய்வு நிலையத்தின் முகவரி இருந்தது. மேலே தலைப்பு இருந்தது.

நானூற்றுப் பதினொன்று.

கூண்டுக்குள் ஓர் எலி தண்ணீர்க் குழாயை நக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா எழுதியிருப்பாரோ?" என்றார் லூர்தம்மாள்.

இளவழுதி தலைப்பை இன்னொரு தரம் படித்தார். லூர்தம்மாள் சான்றைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"எங்க போடணும்?"

இளவழுதி சான்றை அவர் கையடியிலிருந்து எடுத்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கூண்டுகள் இருந்த பக்கம் திரும்பினார்.

"காலியா ஒரு கூண்டு இருக்குமா, மேடம்? உப்புத்தண்ணி எலிக்கு."