யார் கையிலும் இல்லாத கார்டு

சாரல் விழும் மலையடிவார ஊர் ஒன்றில், மருந்துக்கடை மாடியில், ஆறு பேர் உட்கார்ந்து ஒரு போன் செயலியைச் செய்துகொண்டிருந்தார்கள். கண் தெரியாதவர்கள் பஸ்ஸில் போகும்போது, வரப்போகிற நிறுத்தத்தின் பெயரை அது காதில் சொல்லும்.

அவர்களை நடத்தியவர் ஜெபராணி. வயது முப்பத்தாறு. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்ததால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த பூதலிங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்று. பெரிய கம்பெனியில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவர். டீச்சர் அவரை ‘சார்’ என்று கூப்பிடுவார். யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் குழம்புவார்கள்.

கம்ப்யூட்டர் திரையில் அவர்களுக்கு ஒரு பலகை உண்டு. யார் எதைக் கேட்டாலும் அது ஒரு கார்டாக அதில் ஏறும். கேட்டது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று வரிசை. எந்த கார்டு எங்கே எத்தனை நாள் கிடந்தது என்று பலகையே எண்ணிக்கொள்ளும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை பூதலிங்கம் ஒரு கார்டைக் காட்டினார்.

“நேத்து நான் எடுத்தது, டீச்சர். நாற்பது நிமிஷத்துல முடிச்சிட்டேன்.”

“நல்லது சார்.”

“தொட்டதிலிருந்து முடிச்ச வரைக்கும் சைக்கிள் டைம். அது நாற்பது நிமிஷம். ஆனா பக்கத்துலயே லீட் டைம்னு ஒண்ணு காட்டுது. அவங்க கேட்ட நாளிலிருந்து நானூத்திப் பதினேழு நாள். வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“என்ன நினைப்பாங்க?”

“தூங்கிட்டோம்னு நினைப்பாங்க. அதை எடுத்துடலாமா?”

பூதலிங்கம் கார்டின் ஓரத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். ‘யார் கையில்’ என்று அதற்குப் பெயர்.

“அத்தனை நாளும் இது காலி. யார் கையிலும் இல்லை. யாருமே வேலை பார்க்காத நாள் எப்படி டீச்சர் வேலைக் கணக்குல வரும்?”

கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது.

“கேட்டது யாரு?” என்றார் டீச்சர்.

“செல்லக்கனின்னு ஒருத்தங்க. ஆஸ்பத்திரி விலக்குங்கிற நிறுத்தத்துல பஸ் கிளம்பின பிறகுதான் பேர் சொல்லுதுன்னு எழுதியிருக்காங்க.”

“நாளைக்குக் காலையில அவங்க கூட பஸ்ல போயிட்டு வாங்க. கண்ணை மூடிக்கிட்டு.”

“எவ்வளவு நேரம் மூடணும்?”

“அவங்க வேலைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும்.”

மறுநாள் ஏழரை மணி பஸ். செல்லக்கனிக்கு முப்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். டீச்சர் முன்கூட்டியே அவளிடம் போனில் பேசியிருந்தார். பூதலிங்கம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் வெறும் இருட்டாக இருந்தது. பிறகு ஊர் வேறு வழியாக உள்ளே வரத் தொடங்கியது. ஜன்னல் வழியே சாரல் முகத்தில் பட்டது. நனைந்த மரத்தூள் வாசம் வந்தது, போனது. யாரோ சாலையோரம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பஸ்ஸோடு கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு இறங்கிக்கொண்டது. பஸ் தரையில் ஓடுகிறதா தண்ணீரில் மிதக்கிறதா என்று தெரியவில்லை. எத்தனை நிறுத்தம் போயிற்று என்றும் தெரியவில்லை. சுகமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“அண்ணாச்சி, எந்திங்க” என்றாள் செல்லக்கனி.

“வந்துட்டா?”

“தெரியலை. வரும்னு எந்திக்கேன்.”

இருவரும் வாசல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார்கள். பஸ் நின்றது. யாரோ இறங்கினார்கள். விசில் சத்தம். பஸ் நகர்ந்தது. அதற்குப் பிறகு அவள் கையில் இருந்த போன் சாவகாசமாகச் சொன்னது: “ஆஸ்பத்திரி விலக்கு.”

“கண்டக்டர்கிட்ட சொல்லி வைக்கலாமேம்மா?”

“சொல்லுவேன். கூட்டத்துல மறந்துருவாரு.”

“நிறுத்தத்தை எண்ணிக்கிட்டே வந்தா?”

“ஆள் இல்லாத நிறுத்தத்துல நிக்காதுல்லா.”

ஆஸ்பத்திரிக்கு வழி பிரியும் அந்த விலக்கைத் தாண்டியதும் பஸ் நால்வழிச் சாலையைக் கடந்துவிடும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அந்தச் சாலையைத் திரும்பக் கடந்துதான் அவள் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும். இறங்கியதும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த இடத்துல ஒரு புங்கமரம். மழை வலுத்தா இதுக்கடியில நிப்பேன். இனி பேக்கரி வரும். பன் வாசம் வந்ததும் எண்ண ஆரம்பிப்பேன். இருநூத்திப் பத்து எட்டு வச்சா ரோடு.”

பூதலிங்கம் கண்ணைத் திறக்காமல் நடந்தார். பன் வாசம் வந்தது. அவரும் மனசுக்குள் எண்ணினார்.

“ஒண்ணு கேக்கட்டுமா? அது லேட்டாத்தான் பேசும்னு தெரியும். அப்புறம் ஏன் முன்னாலயே எந்திச்சு நிக்கீங்க?”

“உங்ககிட்ட சொன்ன அன்னைக்கே, ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது’ன்னு பதில் வந்துதுல்லா. இன்னைக்குச் சரியாயிருக்கும்னு எந்திப்பேன்.”

“எத்தனை நாளா?”

“தினமுந்தான்.”

எண்ணிக்கை அவருக்கு விட்டுப்போயிற்று. காற்றின் சத்தம் மாறியது. லாரிகள் போகிற சாலை பக்கத்தில் வந்திருந்தது.

“திங்கட்கிழமையே சரி பண்ணிட்டேம்மா” என்றார்.

அவள் நின்றாள். “பொறவு இன்னைக்கும் ஏன் லேட்டாப் பேசுச்சு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் எல்லார் போனுக்கும் அனுப்புவோம். அது வழக்கம்.”

“இன்னைக்குப் புதன்.”

“ஆமா.”

“அப்ப இன்னும் ரெண்டு காலை.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாலைப் பக்கம் தலையைச் சாய்த்து, வருகிறதையும் போகிறதையும் காதால் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போனது. இன்னொன்று. அவர் மணிக்கட்டில் அவள் விரல்கள் இறுகின.

“இப்ப” என்றாள்.

ஆபீசுக்கு வந்த பூதலிங்கம் தலையைக்கூடத் துவட்டவில்லை. நேரே போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் புதிய பதிப்பு வெளியே போயிற்று. செல்லக்கனிக்குப் போன் போட்டு, அவள் போனில் அது ஏறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டார். பிறகு டீச்சர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ரோட்டைக் கடக்கும்போது கண்ணைத் திறந்துட்டேன், டீச்சர். திறந்த பிறகுதான் ரொம்பப் பயமாப் போச்சு.”

டீச்சர் திரையில் பலகையைத் திறந்தார். “அந்த கார்டை நானும் தினமும் பார்த்திருக்கேன் சார். கீழே தள்ளிட்டு அடுத்ததை எடுத்திருக்கேன்.”

வெளியே சாரல் நின்று வெயில் அடித்தது. வெயிலிலேயே மறுபடி சாரல் விழுந்தது.

“நானூத்திப் பதினேழை நானூத்திப் பத்தொன்பதுன்னு மாத்திட்டேன்” என்றார் பூதலிங்கம். “அவங்க கைக்கு இன்னைக்குத்தானே போய்ச் சேர்ந்தது. அறிக்கையில ரெண்டு நேரமும் போகும்.”

டீச்சர் தலையாட்டினார்.

“ஒண்ணுதான் பாக்கி. அத்தனை நாளும் ‘யார் கையில்’ங்கிற கட்டம் காலியாவே இருக்கு. அப்படி விட மனசு வரலை. யார் பேரைப் போடட்டும்? உங்க பேரையா, என் பேரையா?”

“அத்தனை நாளும் ரோட்டைத் தாண்டி அந்த வேலையை யார் பார்த்தாங்க சார்?” என்றார் டீச்சர். “அவங்க பேரைப் போடுங்க.”