வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

ஆலடிப்புத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பந்தல் கடை இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் ஆவுடையம்மாளும் அவளுடைய மூன்று தம்பிகளும். பெரியவன் கொம்பையா, நடுவுள்ளவன் பேச்சிமுத்து, கடைக்குட்டி உலகு. நான்கு பேருமே தங்கமானவர்கள். யார் என்ன சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அதுதான் சிக்கல். "பந்தலைக் கொஞ்சம் தூக்கிப் போடுங்கப்பா" என்று ஒரு கல்யாண வீட்டுக்காரர் சொல்லப்போக, நட்ட பந்தலைப் பிடுங்கி, தூக்கி, தெருவில் போட்டுவிட்டு வந்தவர்கள்.

நால்வரில் ஆவுடையம்மாள் கொஞ்சம் விவரம். எந்தத் தெருவில் சடங்கு, எந்த வீட்டில் காதுகுத்து என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவள் சில மாதமாக ஆளே மாறிப்போனாள். முகம் உப்பியது. உடம்பு கனத்தது. குரல் கரகரத்தது. சித்திரை வெயிலில் கம்பளி கேட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கினாள்.

ஒருநாள், "மேலத்தெரு, பச்சை கேட்டு வீடு, அதுக்கு அடுத்த..." என்று சொல்லவந்தவள், பச்சை கேட்டோடு கண்ணயர்ந்துவிட்டாள். தம்பிகள் பச்சை கேட்டு வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, சீரியல் லைட்டும் தொங்கவிட்டார்கள். அங்கே இருந்தது பென்ஷன் வாங்கும் ஒரு பிரம்மச்சாரி. மனிதர் கோபப்படவில்லை. "பொண்ணு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார்.

தம்பிகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாம எந்த வீட்டுக்குப் போறதுன்னே தெரியாதுலே" என்று கொம்பையா அழ, மற்ற இருவரும் சேர்ந்து அழுதார்கள். அழுது முடித்ததும் குட்டி யானை வண்டியில் அக்காவை ஏற்றி டாக்டர் பெனிலாவிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது, அதற்கு மாத்திரை. மூட்டே தாங்காத அளவுக்கு எடை ஏறியிருக்கிறது, அதற்கு ஊசி.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார். "மாத்திரையைத் தினமும் காலையில வெறும் வயித்துல போடணும். மேல ஒரு டம்ளர் தண்ணி. அரை மணி நேரத்துக்கு வேற எதுவும் கூடாது. ஊசி வாரத்துக்கு ஒண்ணு, வயித்துல. ஒரே இடத்துல போடாம, இடத்தை மாத்தி மாத்திப் போடணும். மருந்து ஃப்ரிட்ஜில இருக்கட்டும். கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே போகணும். ரெண்டு மருந்தும் சேர்ந்து போகுது, அதனால அடுத்த மாசம் கண்டிப்பா ரத்தம் பாக்கணும். விடாம வாந்தி எடுத்தா உடனே வாங்க."

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை மாத்திரை நேரம். ஆவுடையம்மாள் அறைக்குள் பாயில் மல்லாந்து படுத்தாள். தம்பிகள் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எக்கா, வயித்துல துணி இருக்கா?"

"இல்லலே. வெறும் வயிறுதான்."

"அப்போ மாத்திரையைப் போடு."

ஆவுடையம்மாள் மாத்திரையைத் தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டாள். அது உருண்டு பாயில் விழுந்தது. மறுபடி போட்டாள். மறுபடி விழுந்தது.

"நிக்க மாட்டேங்குதேலே!"

தம்பிகள் யோசித்தார்கள். உலகுதான் கண்டுபிடித்தான். "அதுக்குத்தான் மேல ஒரு டம்ளர் தண்ணின்னு சொன்னாவ! டம்ளர் வெயிட்டுக்கு மாத்திரை அசையாதுல்லா?"

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று பேச்சிமுத்து நெகிழ்ந்துபோனான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஆவுடையம்மாளின் வயிற்றின்மேல் ஒரு மாத்திரை, மாத்திரையின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர். அரை மணி நேரம் மூச்சைக்கூட மெதுவாக விடுவாள். பாதியில் தூங்கிப்போய்க் குறட்டை வந்தால், டம்ளர் கவிழ்ந்து பாய் நனையும். அப்போதும் மனம் தளராமல் எழுந்து, புது மாத்திரை வைத்து முதலிலிருந்து தொடங்குவாள்.

ஊசிக்குப் பேனா மாதிரி ஒரு கருவி. முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் போட்ட நர்ஸ் ஸ்டெல்லா, அடுத்ததைப் போட வீட்டுக்கே வருவதாகச் சொன்னாள். கொம்பையா ஒத்துக்கொள்ளவில்லை. "இடத்தை மாத்தி மாத்திப் போடச் சொல்லியிருக்காவ. போன வாரம் இந்த ஊருல போட்டாச்சு. இனி வேற ஊருதான்."

அடுத்த வாரம் ஐஸ் பெட்டியும் கையுமாகப் பாபநாசம் போனார்கள். அதற்கடுத்த வாரம் குற்றாலம். பிறகு சங்கரன்கோவில். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நர்ஸைத் தேடிப்பிடித்து ஊசி போட்டார்கள். ஊர் மாறினாலும் குத்துகிற இடம் மாறிவிடக் கூடாதே என்று, ஆவுடையம்மாள் வயிற்றில் மருதாணியால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். எல்லா ஊசியும் அந்தப் புள்ளியில்தான்.

"ஏத்திக்கிட்டே போகணும்" என்பதில்தான் உடன்பிறப்புகளுக்குள் பெரிய வாக்குவாதம்.

"ஊசியை மட்டும் ஏத்தணுமா, ஃப்ரிட்ஜோட ஏத்தணுமா?" என்றான் பேச்சிமுத்து.

"ஃப்ரிட்ஜில இருக்கட்டும்னும் சொல்லியிருக்காவ. வெளிய எடுத்தா தப்பு. ஃப்ரிட்ஜோடதான்" என்றான் உலகு.

"மொட்டை மாடிக்கு ஒரேயடியா ஏத்திருவோமா?"

"கொஞ்சம் கொஞ்சமா!" என்று கொம்பையா அதட்டினான்.

தினமும் ஒரு படியாக ஃப்ரிட்ஜை ஏற்றினார்கள். ஒயர் எட்டாமல் போனபோது, பந்தலுக்குப் போடும் ஒயரை இழுத்துக் கட்டினார்கள். மாடிப்படியில் ஃப்ரிட்ஜ் நின்றதால் மேலே போனவர் கீழே வர முடியாது. அப்படி மாட்டிக்கொண்ட பேச்சிமுத்துவுக்குக் கயிறு கட்டிச் சாப்பாடு அனுப்பினார்கள்.

ஊசியின் தயவால் ஆவுடையம்மாளுக்குப் பசி குறைந்தது. எடையும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சோர்வு போகவில்லை. இப்போது நின்றுகொண்டே தூங்கினாள். ஒரு சாயங்காலம் அவள் கொம்பையாவையே பார்த்து, "நீ யாரு தம்பி, பந்தல் பேச வந்தியா?" என்று கேட்டுவிட்டாள். கொம்பையா போட்ட அலறலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். அப்படியே வண்டியில் ஏற்றினார்கள்.

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "தைராய்டு முன்னைவிட மோசமா இருக்கே. மாத்திரையை விட்டுட்டீங்களா?"

"ஒரு நாள் தப்பல டாக்டரம்மா."

"வெறும் வயித்துலதானே?"

"பொட்டுத் துணி கிடையாது" என்றாள் ஆவுடையம்மாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தம்பிகளை வெளியே அனுப்பிவிட்டு, "எப்படிப் போடுறீங்கன்னு காட்டுங்க" என்றார். ஆவுடையம்மாள் கட்டிலில் படுத்துச் செய்துகாட்டினாள். டம்ளர் வைத்ததும் டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் ரொம்ப நேரம் குலுங்கியது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊசிக் கதையையும் ஃப்ரிட்ஜ் கதையையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "வாய்ல போட்டு, தண்ணி குடிச்சு, முழுங்கணும்மா. நாளைக்கு இங்க என் முன்னாலேயே முழுங்குங்க. ஊசியை உங்க ஊருலயே, வயித்துல வேற வேற பக்கம் ஸ்டெல்லா போடுவா. அளவை ஏத்துறது என் பொறுப்பு. அந்த ஃப்ரிட்ஜைக் கீழ இறக்குங்க."

வெளியே வந்த ஆவுடையம்மாள் தம்பிகளிடம் ரகசியமாகச் சொன்னாள்: "வைத்தியத்தையே மாத்திட்டாவலே."

மாத்திரை உள்ளே போகத் தொடங்கியதும், மெல்ல மெல்லப் பழைய ஆவுடையம்மாள் திரும்பி வந்தாள். கம்பளியைச் சுருட்டி வைத்தாள். குரல் தெளிந்தது. அவள் தெருமுனையில் நின்று, "ஏல, அந்த மூங்கிலை இந்தப் பக்கம் சாய்லே!" என்று சத்தம் போட்டபோது, மூன்று தம்பிகளும் வேலையை நிறுத்திவிட்டு ஆனந்தமாகக் கேட்டார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டருக்கும் சந்தோஷம். தம்பிகளிடம், "உடம்பு இறங்க இறங்க மாத்திரையையும் குறைக்க வேண்டி வரலாம். அதனால எடையைப் பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் போகிற வழியில் புதிதாக ஓர் எடை மிஷின் வாங்கினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் அந்தப் பக்கமாகக் காரில் வந்தவர், பந்தல் கடையைப் பார்த்ததும் நிறுத்தினார். உள்ளே எடை மிஷினைச் சுற்றி மூன்று தம்பிகளும் சம்மணம் போட்டு, குனிந்து, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா பண்றீங்க?"

"எடையைப் பாத்துக்கிட்டே இருக்கோம் டாக்டரம்மா" என்றான் கொம்பையா, முள்ளிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"அக்கா எங்க?"

"வள்ளியூருக்குப் பந்தல் பேசப் போயிருக்கா."

பேச்சிமுத்து மெதுவாகத் தலையை நிமிர்த்தினான். கண் கலங்கியிருந்தது.

"நாங்களே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்னுதான் இருந்தோம். முள்ளு காலையில இருந்து பூஜ்யத்துலயே நிக்கி. எக்கா மொத்தமா குறைஞ்சு போயிட்டா டாக்டரம்மா. மதியம் அவ சாப்பாட்டுக்கு வரும்போது இதை எப்படிச் சொல்லப்போறோம்னுதான் தெரியல."